விரால் பிடிக்க எந்தத் தூண்டில் இரை?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி, குளம், பண்ணைக் குட்டைகளில் தண்ணீர் நிற்கும் காலத்தில் நம் வேலூர்ப் பகுதி விவசாயிகள் பலர் கெண்டைக் குஞ்சு வாங்கி விடுகிறார்கள். தண்ணீர் ஏழெட்டு மாதம் நின்றால் போதும். வீட்டுக்கு மீனும் ஆகும், கைச்செலவுக்குக் காசும் ஆகும். ஆனால் குஞ்சு விட்ட பலருக்கு அறுவடையில் ஏமாற்றமே மிஞ்சுகிறது. அதற்கு முதல் காரணம், குட்டைக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் விரால்.

சத்துவாச்சாரி இன்று வேலூர் மாநகராட்சியின் ஒரு பகுதி. மாவட்ட ஆட்சியர் அலுவலகமே அங்குதான் இருக்கிறது. அங்கு நடந்த விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு நான் சென்றிருந்தபோது அந்த ஊர் விவசாயி ஒருவர் என்னைத் தேடி வந்தார். பத்து சென்ட் பரப்பில் ஒரு குட்டை வைத்திருப்பவர்.

"ஐயா, போன வருஷம் முந்நூறு குஞ்சு விட்டேன். வலை போட்டா முப்பதுகூடத் தேறலை. கொக்கு தின்னுடுச்சா, ராத்திரி எவனாவது அரிச்சிட்டுப் போயிட்டானான்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா, விடியக்காலையில விரால் புரளுது. குட்டை வத்த இன்னும் ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள தூண்டில்ல பிடிக்கலாம்னு பையன் தினமும் தவளையைப் பிடிச்சுக் கோத்துப் போடறான். அதைவிட நல்ல இரை ஏதாவது இருக்குதா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. இதே கேள்வி வேறு பலருக்கும் இருக்கும் என்பதால் அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

விராலின் குணம்

இரையைத் தேர்ந்தெடுக்கும் முன் மீனின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். விரால் ஓடித் துரத்தும் மீன் அல்ல. ஒளிந்திருந்து பாயும் மீன். அல்லி இலைக்கு அடியிலும், ஆகாயத்தாமரை ஓரத்திலும், கரையோரக் கோரைப் புல்லிலும் அசையாமல் நிற்கும். சிறு மீன், தவளை, இறால், தண்ணீரில் விழும் பூச்சி என வாய்க்குள் அடங்கும் எது அருகில் வந்தாலும் ஒரே பாய்ச்சலில் விழுங்கும். விரல் நீளக் கெண்டைக் குஞ்சு அதற்கு நாம் கொண்டுபோய்க் கொட்டும் தீனி.

இரண்டாவது, விரால் வெளிக்காற்றைச் சுவாசிக்கக் கூடியது. செவுளுக்கு மேலே அதற்கென்று தனி அறை இருக்கிறது. ஆகவே அவ்வப்போது மேலே வந்து வாயைத் திறந்து காற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போகும். அப்போது தண்ணீரில் ஒரு வட்டம் விழும். தூண்டில்காரருக்கு அந்த வட்டமே அடையாளம்.

இந்தக் குணத்தால்தான் விரால் கோடையில் ஈரச் சேற்றுக்குள் புதைந்து பிழைக்கிறது. மழை நாளில் ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகிறது. "நான் விரால் விடவே இல்லையே, எப்படி வந்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். வாய்க்கால் வழியாகவும் வரும். வாங்கிய குஞ்சோடு கலந்தும் வரும். குரவையும் இதே இனத்தைச் சேர்ந்தது. உருவம் சிறியது, குணம் ஒன்றுதான்.

தவளை வேண்டாம்

விராலுக்கு உயிருள்ள தவளை நல்ல இரை என்பதை நான் மறுக்கவில்லை. சிறு வயதில் நானும் அதைத்தான் கோத்தேன். ஆனால் இப்போது வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு.

தவளை நம் வயலில் கூலி வாங்காமல் வேலை செய்யும் ஆள். வெட்டுக்கிளி, வண்டு, அந்துப்பூச்சி, வரப்பைத் துளைக்கும் நண்டு ஆகியவற்றைத் தின்று வாழ்கிறது. ஒரு காலத்தில் இரவில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வயலில் இறங்கிச் சாக்குச் சாக்காகத் தவளை பிடித்தார்கள். கால்களை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஏற்றுமதி 1987-இல் தடை செய்யப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பெரிய வயல் தவளைக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. குட்டையில் ஐந்து விராலைக் குறைப்பதற்காக வரப்பிலிருந்து ஐம்பது தவளையை அழிப்பது, ஒரு கையால் சேர்த்ததை மறு கையால் கொட்டுவது போன்றது.

இதற்கு மாற்றுத்தான் செயற்கை இரை.

செயற்கை இரை வந்த கதை

அமெரிக்காவில் சிறுவாய் பாஸ் என்று ஒரு மீன் உண்டு. தெளிந்த நீரும் பாறையும் உள்ள ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்வது. அதைத் தூண்டிலில் பிடிப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு. அதற்காகவே நூற்றுக்கணக்கான செயற்கை இரைகளைச் செய்து விற்கிறார்கள். ஜேம்ஸ் ஹெட்டன் என்பவர் 1890-களில் மிச்சிகன் மாநிலத்தில் மரத்துண்டைத் தவளை போலச் செதுக்கி பாஸ் மீன் பிடித்தார். பின்னர் அதுவே ஒரு தொழிற்சாலையாக வளர்ந்தது. அதற்கும் முன்பே ஜூலியோ புயல் என்பவர், சாப்பிடும் கரண்டி ஏரியில் தவறி விழுந்தபோது ஒரு மீன் பாய்ந்து அதைக் கவ்வியதைப் பார்த்துக் கரண்டி இரையைச் செய்தார் என்று சொல்வார்கள்.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி புதிதல்ல. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் 1873-இலேயே இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றித் தனி நூல் எழுதினார். பின்னர் ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்றே இன்னொரு நூலும் எழுதினார்.

பாஸ் மீன் நம் ஏரிகளில் இல்லை. ஆனால் அதைப் பிடிப்பவர்கள் இரை தேர்ந்தெடுக்கும்போது கேட்கும் மூன்று கேள்விகள் நமக்கும் பொருந்தும். அந்த மீன் இந்தத் தண்ணீரில் எதைத் தின்கிறது? தண்ணீர் தெளிவா, கலங்கலா? இரை ஓட வேண்டிய இடம் வெட்டவெளியா, செடி கொடியா? இம்மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டால் இரை தானே அமைந்துவிடும்.

எந்த இடத்துக்கு எந்த இரை?

1. ரப்பர் தவளை: செடி அடர்ந்த குட்டைக்கு இதற்கு இணை இல்லை. உள்ளே கூடான மெல்லிய ரப்பர் உடல். இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். ஆகவே இலையின் மேல் இழுத்தாலும் சிக்காது. விரால் கவ்வும்போது ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர் நீளமுள்ளது போதும். வாங்கும்போது விரலால் அமுக்கிப் பாருங்கள். எளிதில் அமுங்கி முள் வெளிப்பட்டால் நல்ல சரக்கு. கல் போல இருந்தால் மீன் கவ்வும், ஆனால் மாட்டாது.

2. கரண்டி இரை: பளபளக்கும் உலோகத் தகடு. இழுக்கும்போது காயம்பட்ட கெண்டை போலத் தள்ளாடும். செடியில்லாத, தெளிந்த நீருக்கு ஏற்றது. இதில் வரும் மூன்று கிளை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போட்டுக்கொண்டால் சிக்கல் குறையும். இதை வீட்டிலேயே செய்யலாம். பழைய எவர்சில்வர் தேக்கரண்டியின் காம்பை அறுத்துவிட்டு, இரு முனையிலும் துளையிட்டு, ஒரு முனையில் வளையமும் மறு முனையில் வளையத்தோடு முள்ளும் கோத்தால் தீர்ந்தது. விளிம்பை அரத்தால் ராவிவிட வேண்டும்; இல்லாவிட்டால் நரம்பை அறுக்கும்.

3. சுழல் தகடு: கம்பியில் கோத்த சிறு தகடு, இழுக்கும்போது சுழன்று தண்ணீரை அதிரச் செய்யும். மழைக்குப் பின் செம்மண் கலங்கலாக இருக்கும் தண்ணீரில் மீனுக்குக் கண் தெரியாவிட்டாலும் அதிர்வு தெரியும். ஆகவே கலங்கல் நீருக்கு இதுவே சிறந்தது.

4. மென் ரப்பர் மீன், ரப்பர் புழு: முள்ளின் முனையை ரப்பருக்குள்ளேயே புதைத்துக் கோக்கலாம் என்பதால் செடிகளுக்கு இடையில் உள்ள இடைவெளியில் இறக்க உதவும். மார்கழி, தை மாதக் குளிர்ந்த காலையில் மீன் மந்தமாக இருக்கும்போதும், ஆழமான பாசனக் கிணற்றிலும் மெதுவாக இறக்கி மெதுவாக இழுக்க ஏற்றது.

5. மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் மீன்: பார்க்க அழகாக இருக்கும்; விலையும் கூடுதல். பல முட்கள் தொங்குவதால் செடியுள்ள குட்டையில் முதல் வீச்சிலேயே போய்விடும். சிறு விவசாயி இதற்குக் காசு செலவிடத் தேவையில்லை.

6. காசில்லாத இயற்கை இரை: வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி, மண்புழு, செத்த ஜிலேபிக் குஞ்சு. குரவைக்கும் சிறு விராலுக்கும் மண்புழுவும் பிள்ளைப்பூச்சியும் போதும். ஜிலேபி 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எல்லா ஏரியிலும் பெருகிவிட்ட மீன். அதன் குஞ்சை இரையாக்குவதில் நட்டமில்லை. ஆனால் ஓர் ஏரியில் பிடித்த சிறு மீனை உயிரோடு எடுத்துப்போய் வேறு குட்டையில் இரையாகப் போடாதீர்கள். முள்ளிலிருந்து தப்பினால் வேண்டாத மீனை நீங்களே குடியேற்றியதாகும்.

நிறம்

தெளிந்த நீரில் பச்சை, பழுப்பு போன்ற இயற்கை நிறம் நல்லது. கலங்கலில் வெள்ளை அல்லது மஞ்சள் எடுப்பாகத் தெரியும். அந்தி நேரத்தில் கறுப்பே சிறந்தது. விரால் கீழிருந்து மேலே பார்க்கிறது. வெளிறிய வானத்துக்கு எதிரே கறுப்பு உருவம் பளிச்சென்று தெரியும். ஒரே ஒரு ரப்பர் தவளைதான் வாங்க முடியும் என்றால் கறுப்பு அல்லது கரும்பச்சை வாங்குங்கள்.

முள், நரம்பு

முள்ளுக்கு எண் உண்டு. 6, 8 என்று எண் கூடக் கூட முள் சிறுக்கும். 1/0, 2/0 என்று சுழியம் சேர்ந்தால் பெரிய முள். மண்புழுவுக்கு 6 அல்லது 8, விரால் இரைக்கு 1/0 அல்லது 2/0 போதும். செடிக்குள்ளிருந்து விராலை இழுக்க வேண்டியிருப்பதால் பத்து முதல் பதினைந்து கிலோ தாங்கும் நரம்பு தேவை. வீசுவதற்குச் சுருளும் கம்பும் இருந்தால் நல்லது. சிறு குட்டைக்கு நீண்ட மூங்கில் கழியே போதும். கழி நுனியிலிருந்து ரப்பர் தவளையை இலை மேல் தத்தித் தத்திப் போகும்படி ஆட்டலாம்.

போடும் முறை

விடியற்காலையும் அந்தியும் ஏற்ற நேரம். நடு வெயிலில் நிழல் உள்ள கரையில் மட்டும் முயற்சி செய்யலாம். மீன் மேலே வந்து வட்டம் விழுந்த இடத்தின் மேலேயே இரையைப் போட்டால் மிரண்டுவிடும். அதைத் தாண்டிப் போட்டு அந்த இடத்தின் வழியாக இழுத்து வர வேண்டும். இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம் என்று இழுங்கள். பெரும்பாலும் நிறுத்தத்தில்தான் பாயும்.

பாய்ந்தவுடன் வெடுக்கென்று இழுப்பதே எல்லோரும் செய்யும் தவறு. ரப்பர் தவளை விராலின் வாயில் முழுதும் போக நேரம் கொடுக்க வேண்டும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். நரம்பு நகரத் தொடங்கியதும் கழியை உறுதியாகத் தூக்குங்கள். மாட்டியபின் தளர விடாதீர்கள். செடிக்குள் புகுந்தால் நரம்பு அறும்.

குஞ்சோடு இருக்கும் விரால்

மழைக்காலத்தில் செம்பு நிறக் குஞ்சுகள் திரளாகத் தண்ணீரின் மேல் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை விரால் குஞ்சுகள். தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். இரை எதுவானாலும் கோபத்தில் பாயும் என்பதால் அப்போது பிடிப்பது எளிது. ஆனால் பொது ஏரியில் அந்த மீனைப் பிடிக்காதீர்கள். காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். அடுத்த ஆண்டு ஏரியில் விரால் இருக்காது.

கெண்டை வளர்க்கும் சொந்தக் குட்டையில் கதை வேறு. அங்கே பெரியவற்றைத் தூண்டிலில் எடுப்பதோடு குஞ்சுத் திரளையும் கொசுவலைத் துணியால் அரித்து எடுத்துவிட வேண்டும்.

தூண்டிலால் மட்டும் தீருமா?

தீராது. கடித்த மீனைத்தான் தூண்டில் பிடிக்கும். கடிக்காதது உள்ளேயே இருக்கும். கோடையில் குட்டையை வற்ற விட்டுச் சேற்றைக் காயவிடுவதே முதல் வழி. முற்றிலும் வற்றாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு இடலாம். எக்டருக்கு ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 2,500 கிலோ என்பது அளவு. பத்து சென்ட் குட்டையில் ஒரு மீட்டர் தண்ணீர் இருந்தால் சுமார் 100 கிலோ. அரை மீட்டராகக் குறைத்துக்கொண்டால் 50 கிலோ போதும். இதன் நஞ்சு இரண்டு மூன்று வாரத்தில் தணிந்து பின் எருவாகிவிடும். அதுவரை ஆடு மாடுகளை அந்தத் தண்ணீரில் விடாதீர்கள். குடிநீர் எடுக்கும் கிணற்றில் இதைப் போடவே கூடாது. ஏரியிலும் ஓடையிலும் நஞ்சு கலப்பதும், வெடி போடுவதும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம்.

அதன் பிறகு வரத்து வாய்க்காலில் நெருக்கமான வலை கட்டி, பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத குஞ்சாக விடுங்கள். கட்லா 4 பங்கு, ரோகு 3 பங்கு, மிர்கால் 3 பங்கு என்பது பொது விகிதம். பத்து சென்ட் மழைநீர்க் குட்டைக்கு 200 முதல் 300 குஞ்சு போதும்.

தண்ணீரைப் பாருங்கள்

நம் பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரை தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வரலாறு எல்லோருக்கும் தெரியும். 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மீண்டும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பு வந்தது. அந்தத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனாலும் கழிவில் வரும் உப்பும் குரோமியமும் மண்ணுக்கும் உயிருக்கும் கேடு.

"தண்ணீர் கெட்டிருந்தால் மீன் இருக்குமா? விரால் துள்ளுகிறதே" என்று சிலர் வாதிடுகிறார்கள். இது தவறு. மற்ற மீன்கள் தண்ணீரில் கரைந்த பிராணவாயுவை நம்பி வாழ்கின்றன. அது குறைந்தால் முதலில் சாகின்றன. விரால் வெளிக்காற்றை எடுத்துக்கொள்வதால் அங்கேயும் பிழைத்திருக்கும். கெண்டையும் அயிரையும் இல்லாமல் விராலும் குரவையும் மட்டும் ஒரு நீர்நிலையில் மிஞ்சியிருந்தால், தண்ணீர் சரியில்லையோ என்று சந்தேகப்பட வேண்டுமே தவிர, அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தோல் கழிவோ சாக்கடையோ சேரும் நீரில் பிடித்த மீனைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், நீங்களும் சாப்பிடாதீர்கள். நுரை, நிறம், நாற்றம் இருந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மேலும் கவனிக்க வேண்டியவை

ஏரிகளில் மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடமோ ஊராட்சியிலோ கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள்.

அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். புல்லோடு மாடு தின்றால் வயிற்றில் சுருண்டு உயிருக்கே ஆபத்து. கொக்கு, நாரை கால்களிலும் சிக்கும்.

மின்கம்பி போகும் இடத்தில் நீண்ட கம்பைத் தூக்காதீர்கள்.

முள்ளின் எதிர்முனையை இடுக்கியால் அமுக்கிவிட்டால் கையில் குத்தினாலும் எளிதில் எடுக்கலாம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். அது வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன், விராலைவிடப் பெருந்தீனிக்காரன். இரவில் கோழிக் குடலை அடிமட்டத்தில் போட்டால் மாட்டும்.

சத்துவாச்சாரி விவசாயி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ரப்பர் தவளை ஒன்றும், அவரே அறுத்துச் செய்த கரண்டி இரை ஒன்றும்தான் அவருடைய முதலீடு. மகன் முதல் வாரம் முழுவதும் அவசரப்பட்டு இழுத்து இழுத்து மீனை விட்டான். மூன்று எண்ணப் பழகியபின் விரால் கரைக்கு வரத் தொடங்கியது. பிடித்ததில் பாதி குழம்புக்கும் பாதி விற்பனைக்கும் போனது. ஆனாலும் கோடையில் குட்டை வற்றியபோது சேற்றில் இன்னும் நான்கு விரால் இருந்தன. "தூண்டிலை நம்பி மறுபடி குஞ்சு விட்டிருந்தால் இந்த நாலே தின்று தீர்த்திருக்கும் ஐயா" என்று அவரே சொன்னார். சேற்றைக் காயவிட்டு, வாய்க்காலில் வலை கட்டிய பிறகே இம்முறை பெரிய குஞ்சாக வாங்கி விட்டிருக்கிறார்.

குட்டையில் மீன்குஞ்சு விட எண்ணுவோர் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தையோ விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி யோசனை பெறலாம். தூண்டில் போடுவோர் இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: உயிருள்ள தவளை வயலில் இருக்கட்டும், ரப்பர் தவளை தூண்டிலில் இருக்கட்டும். இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தால் விளைச்சலும் மீனும் நமக்கே.